புறங்கை எண்ணெய்

எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சங்கரன்கோவிலில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுத்தவள் நான். தேங்கிய நீரில் இலைதழை அழுகி வாயு உண்டாகிறது, அது தீப்பற்றுவதைத்தான் கொள்ளிவாய்ப் பிசாசு என்கிறார்கள் என்று கரும்பலகையில் எழுதிப் போட்டவள். அப்படிப்பட்டவளின் வீட்டுப் பின்கட்டிலேயே ஒரு கொள்ளிவாய்ப் பிசாசு குடியிருக்கிறது என்று தெருவே சொன்னால் எப்படி இருக்கும்?

பிசாசு குடியிருந்ததாகச் சொன்னது ஒரு மாட்டுக்குள். மாடு என் மதினியுடையது.

மதினி என் கணவருக்கு நேர் மூத்த அக்காள். மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்தில் வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகள் இல்லை. எழுபதுகளின் பிற்பாதியில் ஒரு கோடையில் அவள் வீட்டுக்காரர் கிணற்றில் இறந்துபோனார். எனக்கு அவர் அண்ணன் முறை. நல்ல மனுஷர், ஆனால் அவசரக்காரர்.

அந்த வருஷம் மழை பொய்த்து, கிணறு சேறு தட்டிக் கிடந்தது. தூர் வார ஆட்களைக் கூப்பிட்டிருந்தார். பாழடைந்த கிணற்றில் ஆள் இறங்குவதற்கு முன்னால் அரிக்கேன் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது அந்தப் பக்கத்து வழக்கம். விளக்கு எரிந்துகொண்டிருந்தால் இறங்கலாம். அணைந்தால் இறங்கக் கூடாது. அன்றைக்கு விளக்கு அணைந்துவிட்டது. “காத்து அடிச்சிருக்கும்” என்று சொல்லிவிட்டு அண்ணன் இறங்கினார். கண்ணாடிக்குள் எரிகிற விளக்கை, கிணற்றுக்குள் எந்தக் காற்று வந்து அணைக்கும்? ஆனால் கூலியாட்கள் மண்வெட்டியோடு காத்து நிற்கும்போது ஆண்பிள்ளைகளுக்கு அதெல்லாம் தோன்றாது. பாதிக் கிணற்றில் ஒரு தடவை மேலே நிமிர்ந்து பார்த்தாராம். அவ்வளவுதான்.

மாடு அப்போது கிணற்றடி வேப்பமரத்தில் கட்டிக் கிடந்தது. கல்யாணமான புதிதில் மதினிக்கென்று அண்ணன் வாங்கிக் கொடுத்த கன்றின் வழியில் வந்த மாடு. செவலை நிறம், கொஞ்சம் கோணல் கொம்பு. காரியமெல்லாம் முடிந்து மதினியை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தபோது, மாட்டை விற்றுவிட்டு வரலாம் என்று என் கணவர் சொன்னார். அவள் மாட்டுக் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு ரோட்டில் நடக்க ஆரம்பித்துவிட்டாள். வேறு வழியில்லாமல் இவரும் துணிமூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்னாலேயே நடந்து வந்தார்.

பின்கட்டில் ஒரு அறையும் ஓலைச்சாய்ப்பும் இருந்தன. அறையில் மதினி, சாய்ப்பில் மாடு. எங்களோடு சாப்பிட வரமாட்டாள். தட்டில் வாங்கிக்கொண்டு போய்ச் சாய்ப்பில் உட்கார்ந்து சாப்பிடுவாள். பாலை நாலு வீட்டுக்கு ஊற்றினாள். பருத்திக்கொட்டை ஆட்டுவது, தொழுவம் கூட்டுவது, மாட்டைக் குளிப்பாட்டுவது என்று அவள் பகல் போய்விடும். அழுது நான் பார்க்கவில்லை. துக்கத்தை மாட்டு வேலையில் கரைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு விதத்தில் எனக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

ஒரு வருஷம் இப்படிப் போனது. அடுத்த ஆனி மாதத்தில், மேற்கே மலையில் மழை பிடித்து இங்கே சாரல் மட்டும் தூறிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம், மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு போய் யாரோ ஒருவர் தோட்டத்தில் பச்சைக் கடலைக்கொடியை வயிறுமுட்டத் தின்றுவிட்டது. ஈரக்கொடி. திரும்பி வரும்போதே இடது பக்கம் வயிறு உப்பிப் பம்மென்று நின்றது. மூச்சு வாங்கியது. ஏப்பம் வரவில்லை. மாட்டுக்கு ஏப்பம் வராவிட்டால் சாவுதான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

என் கணவர் சைக்கிளில் போய் மாட்டு டாக்டரைக் கூட்டி வந்தார். அவர் வேலைக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது, சின்ன வயது. பார்த்த உடனேயே, பேச நேரமில்லை என்று சொல்லிவிட்டு, குழாய்க்குள் ஊசி வைத்த ஒரு கருவியை எடுத்து, இடுப்பெலும்புக்கு முன்னால் உப்பியிருந்த இடத்தில் ஒரே குத்து. ஊசியை உருவியதும் குழாய் வழியாகக் காற்று சீறிக்கொண்டு வந்தது. தெருவே வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது. இருட்டிக்கொண்டு வந்ததால், டாக்டருக்கு வெளிச்சம் காட்ட என் கணவர் மண்ணெண்ணெய்ச் சிம்னி விளக்கைக் கையில் பிடித்திருந்தார். சரியாகத் தெரியவில்லை என்று விளக்கின் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டே கொண்டுபோனார்.

குழாய் முனையில் தீப்பிடித்தது. நீல நிறத்தில், ஒரு சாண் நீளத்துக்கு. மாட்டின் விலாவிலிருந்து ஒரு நாக்கு நீண்டதுபோல் நீண்டு, துடித்து, டாக்டர் ஈரச்சாக்கை எறிந்ததும் அணைந்தது. கண் சிமிட்டும் நேரம்தான். மாடு பிழைத்துக்கொண்டது. ஆனால் அதற்குள் கூட்டத்தில் ஒருத்தி சொல்லிவிட்டாள்.

“கெணத்துல அணைஞ்ச வெளக்குல்லா இது. மாட்டு வயித்துல எரியுது.”

நான் எத்தனையோ கதை கேட்டிருக்கிறேன், சிரித்திருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு என்னால் சிரிக்க முடியவில்லை. சொன்னவள் படிக்காதவள்தான், அண்ணனை ஒரு நாளும் பார்த்தவள் இல்லை. ஆனாலும் மதினியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் பயமே இல்லை.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த தெருவுக்கு அவல் கிடைத்துவிட்டது. அண்ணனின் கடைசி மூச்சை வேப்பமரத்தடியில் நின்ற மாடு இழுத்துக்கொண்டது, அதுதான் உள்ளே கிடந்து எரிகிறது என்று முடிவு கட்டிவிட்டார்கள். மாடு ஏப்பம் விடும்போதெல்லாம் அக்கம்பக்கத்தில் பேச்சு நிற்கும். சாதாரண மாட்டு ஏப்பம்தான். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, நீளமாக, ஆண்பிள்ளை பெருமூச்சு விடுவதுபோல் இருக்கும். அதற்கு முன்னால் அந்தச் சத்தத்தை யார் காதில் வாங்கினார்கள்? இப்போது எல்லார் வீட்டிலும் கேட்டது. பிள்ளைகள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது ஓடினார்கள். பால் வாங்கிய நாலு வீடும் வாங்குவதை நிறுத்திவிட்டன. மேய்ச்சலுக்கு ஓட்டிப் போகிறவர், “நம்ம மந்தையில மத்த மாடுவ மிரளுது” என்று கயிற்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். மாடுகள் மிரளவில்லை, அவர்தான் மிரண்டார்.

கடைசியில் தெருப் பெரியவர் வந்தார். கெட்டவரில்லை. கூரை வீடுகள் நிறைந்த தெரு, தீ என்றால் அவருக்கும் பயம் இருக்கத்தானே செய்யும்.

“நம்ம கோயில்ல ஆடித்தபசுத் திருநாளுக்குக் கொடி ஏறதுக்குள்ள ஒரு முடிவு பண்ணிருங்க. ஒண்ணு, அந்தச் சத்தம் அடங்கணும். இல்லன்னா மாடு வெளிய போணும். புளியரை வழியா மாடு ஓட்டிட்டுப் போற ஏவாரி ஒருத்தன் இருக்கான், நான் சொல்லிவிடுதேன்.”

புளியரை வழியாக என்றால் மலையாளத்துக்கு. மலையாளத்துக்கு என்றால் அறுப்புக்கு. அது எல்லாருக்கும் தெரியும். நான் பெரியவரோடு சண்டைக்கு நின்றேன். அறிவியல் பேசினேன், வாயு என்றேன், பாடப்புத்தகத்தைக்கூடக் கொண்டுவந்து காட்டினேன். “டீச்சரம்மா, வாயுன்னே வச்சுக்குவோம். யாரோட வாயு?” என்று கேட்டுவிட்டு அவர் போய்விட்டார்.

என் கணவர் என்னைப்போல் கத்துகிறவர் இல்லை. மறுநாள் டாக்டரிடம் போனார். டாக்டர் இவரை உட்காரவைத்து, இரைப்பையில் புல்லும் வைக்கோலும் புளிக்கும்போது வாயு உண்டாகும், மாடு அதை ஏப்பமாக வெளியே விடும் என்று விளக்கினாராம். “தின்னதுல ஒரு பங்கு வீணா ஏப்பமாத்தான் போகுது. தீவனத்துல கொஞ்சம் எண்ணெ சேத்தா அந்த வாயு கொறையும். கொறைஞ்சா மாட்டுக்கும் நல்லதுதான்” என்றாராம். கூடவே எச்சரிக்கையும் சொல்லியிருந்தார். வாயில் ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். வைக்கோலில் பிசிறி வைக்க வேண்டும். அளவு கூடினால் அசை போடுவது நின்றுவிடும். சத்தம் அடியோடு நிற்காது, குறையும்.

என் கணவருக்கு எண்ணெய் ஆலையில் வேலை. அன்றைக்கே ஒரு பாட்டில் கடலை எண்ணெயோடு வந்தார். மதினியிடம் அளவு சொல்லி, வைக்கோலில் எப்படிப் பிசிறுவது என்று காட்டினார். அவள் பாட்டிலை வாங்கிக்கொண்டாள். “சத்தம் கொறையுமாலே?” என்று மட்டும் கேட்டாள்.

“கொறையும்க்கா. டாக்டரே சொல்லுதாரு.”

“அப்படியா” என்றாள்.

நாட்கள் போயின. பாட்டிலில் எண்ணெய் ஒழுங்காகக் குறைந்துகொண்டே வந்தது. இவர் இன்னொரு பாட்டில் கொண்டுவந்தார். அதுவும் குறைந்தது. ஆனால் ஏப்பம் மட்டும் குறையவில்லை. முன்னைவிட அதிகமாகக் கேட்பதுபோல் இருந்தது. நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து கதவைத் திறக்கும்போது, பின்கட்டிலிருந்து அந்தப் பெருமூச்சு வரும். செருப்பைக் கழற்றாமல் அப்படியே நிற்பேன். எனக்கே என் மேல் கோபம் வரும். பேய்க்கு வாழ்க்கைப்பட்டால் புளியமரம் ஏறத்தான் வேண்டும் என்பார்கள். நான் வாழ்க்கைப்பட்டது சாதுவான மனுஷனுக்கு. எனக்கு ஏன் இந்தப் புளியமரம் என்று இருக்கும்.

கொடியேற்றம் நெருங்கிவிட்டது. டாக்டர் சொன்னது பொய்யா, இல்லை இவர் அளவைத் தப்பாகக் கேட்டுவந்தாரா என்று எனக்குச் சந்தேகம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மதினி குளிக்கப் போயிருந்த நேரம், சாய்ப்புக்குள் போய் மாட்டுக்கு வைத்திருந்த வைக்கோலை அள்ளிப் பார்த்தேன். கையில் பிசுபிசுப்பே இல்லை. மோந்து பார்த்தேன், எண்ணெய் வாடை இல்லை. பருத்திக்கொட்டைச் சட்டியிலும் இல்லை. சாய்ப்புக்குப் பின்னால் போனேன். சுவரோரம் மண் கறுத்து ஊறிக் கிடந்தது, எறும்பு மொய்த்தது. அத்தனை எண்ணெயும் அங்கே.

மதினி ஈரத்தலையோடு வந்து நின்றாள். என்னைப் பார்த்தாள், என் காலடி மண்ணைப் பார்த்தாள். மறைக்கவும் இல்லை, பதறவும் இல்லை.

“ஏன் மதினி?” என்றேன்.

“சத்தம் அடங்கிட்டா அவிய போயிருவாவல்லா?”

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் பிடித்தது. தெருதான் நம்புகிறது, இவள் பாவம், தெருவிடம் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று நான் அத்தனை நாளும் நினைத்திருந்தேன். தெரு நம்ப ஆரம்பித்தது இந்த ஆனியில். இவள் போன வருஷமே நம்பிவிட்டாள். அதனால்தான் ரோட்டில் அத்தனை தூரம் நடந்தாள். அதனால்தான் சாப்பாட்டைச் சாய்ப்பில் வைத்துச் சாப்பிட்டாள். ஒரு வருஷமாக அவள் எங்கள் வீட்டுப் பின்கட்டில் தன் புருஷனோடு குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தாள்.

“அன்னைக்கு அந்தத் தீ வந்துச்சுல்லா, எனக்கு அதுக்கு முன்னாலயே தெரியும்ட்டி. நீங்கதான் பயந்திய. நான் பயப்படல.” மெதுவாகத்தான் பேசினாள். “அவியள ஆஸ்பத்திரில அறுத்துப் பாத்துட்டுத் துணி சுத்திக் கொண்டாந்தாவ. வீட்டுக்குள்ளயே ஏத்தல. நேரா சுடுகாட்டுக்குத் தூக்கிட்டாவ. தலைக்கு ஒரு சொட்டு எண்ணெ வைக்க விடல, தண்ணி ஊத்த விடல. எப்படிப் போவாவ? எங்கிட்டுப் போவாவ? இங்கன வந்து நிக்காவ.”

அப்போது மாடு ஏப்பம் விட்டது. நாங்கள் இரண்டு பேரும் அதைக் கேட்டோம். அவள் தலையை லேசாகச் சாய்த்துக் கேட்ட விதத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

அந்த நேரத்தில் அழுதிருக்கலாம், அவளைக் கட்டிப்பிடித்திருக்கலாம். எனக்கு வந்தது கோபம். கொடியேற்றத்துக்கு நாலைந்து நாள்தான் இருந்தது. ஏவாரி வந்து வாசலில் நிற்கப்போகிறான். அதைத் தடுக்க என் வீட்டுக்காரர் ஆலையில் கெஞ்சி எண்ணெய் வாங்கி வருகிறார், இவள் மண்ணில் ஊற்றுகிறாள்.

“அப்ப சரி மதினி. அடுத்த வாரம் மாட்டப் புளியரைக்கு ஓட்டிட்டுப் போவான். அவியளையும் சேத்தே அறுப்புக்கு அனுப்பிருங்க.”

சொன்னது கொடுமையான வார்த்தைதான். ஆனால் அதைச் சொன்னதற்காக எனக்கு இன்றைக்கும் வருத்தமில்லை. வேறு எப்படிச் சொல்லியிருந்தாலும் அவள் காதில் விழுந்திருக்காது. மதினி என்னை அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. மாட்டின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, கழுத்தடிச் சதையைத் தடவிக்கொண்டே நின்றாள். நான் உள்ளே வந்துவிட்டேன். இவரிடம் எதையும் சொல்லவில்லை.

மறுநாள் காலை வாசல் தெளிக்கத் தண்ணீர் எடுக்கப் பின்கட்டுக்குப் போனேன். மதினி குளித்து, தலைமுடியை முடியாமல் விரித்துப் போட்டிருந்தாள். மாட்டையும் குளிப்பாட்டியிருந்தாள். கிழக்கே பார்க்க நிறுத்தியிருந்தாள். அவள் முன்னால் ஒரு கிண்ணத்தில் எண்ணெய், ஒரு தேங்காய்ச் சிரட்டையில் சீயக்காய்த் தூள். நான் குடத்தோடு நின்றுவிட்டேன்.

எங்கள் பக்கத்தில், உயிரோடிருப்பவர்களுக்கு எண்ணெய் வைத்தால் உள்ளங்கையால் வைப்போம். இறந்தவர்களுக்குக் கடைசியாகக் குளிப்பாட்டும்போது புறங்கையால் தொட்டு வைப்போம். எண்ணெயும் அப்படித்தான், சீயக்காயும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து வைப்பார்கள். அதற்குப் பிறகு அந்த உடம்புக்கும் இந்த வீட்டுக்கும் சம்பந்தம் முடிந்தது.

மதினி கையைத் திருப்பினாள். புறங்கையைக் கிண்ணத்தில் தோய்த்து, மாட்டின் நெற்றியில், இரண்டு கொம்புக்கும் நடுவில் வைத்தாள். அப்படியே சீயக்காயையும் வைத்தாள். மாடு காதை ஆட்டிக்கொண்டு நின்றது. செம்பில் தண்ணீர் எடுத்து அதன் தலையில் ஊற்றினாள். அவள் உதடு அசைந்தது, என்ன சொன்னாள் என்று கேட்கவில்லை. பிறகு மீதி எண்ணெயை, சிந்தாமல், அதே புறங்கையின் மேல் வழியவிட்டு வைக்கோலில் தெளித்தாள். இரண்டு கையாலும் நன்றாகப் பிசிறி, மாட்டுக்கு முன்னால் தள்ளினாள். மாடு தின்ன ஆரம்பித்தது. அவள் அது தின்று முடிக்கும்வரை நின்று பார்த்தாள். நான் குடத்தை நிரப்பாமலேயே திரும்பி வந்தேன். அடுப்படியில் உட்கார்ந்து, வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதேன். எதற்கு என்று கேட்டால், அண்ணனுக்குத்தான். ஒரு வருஷம் கழித்து அன்றைக்குத்தான் அவர் செத்தார்.

அதற்குப் பிறகு தினமும் வைக்கோலில் எண்ணெய் விழுந்தது. சாதாரணமாக, உள்ளங்கையால். கொடியேற்றத்தன்று பெரியவர் வந்து வெகுநேரம் உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போனார். சத்தம் குறைய ஆரம்பித்திருந்தது. தெருக்காரர்களுக்கு இவ்வளவு போதும். எண்ணெய் மந்திரித்துக் கொடுத்த ஆள் யார் என்று என் கணவரிடம் ரகசியமாகக் கேட்டார்கள். “மாட்டு டாக்டர்” என்று உண்மையைச் சொன்னார், ஒருவரும் நம்பவில்லை. தபசு முடிந்ததும் மந்தைக்காரர் தானே வந்து மாட்டை அவிழ்த்துக்கொண்டு போனார். பால் வாங்குகிறவர்களும் செம்போடு வந்தார்கள். மாடு முன்பைவிடக் கொஞ்சம் பூசினாற்போல் ஆனது. மதினி எங்களோடு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள். என் கணவருக்கு அதில் ரொம்ப சந்தோஷம். அக்கா தேறிவிட்டாள் என்று எல்லாரிடமும் சொன்னார்.

புரட்டாசியில் ஒரு நாள். காலாண்டு விடுமுறை. மதினி ஆட்டுரலில் பருத்திக்கொட்டை ஆட்டிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து கொட்டையைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தேன். சாய்ப்பிலிருந்து ஏப்பச் சத்தம் வந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு, பழையபடி நீளமாக, அடிவயிற்றிலிருந்து. என் கை அப்படியே நின்றது. மதினியின் முகத்தைப் பார்த்தேன். ஏதாவது தெரியும் என்று பார்த்தேன். ஒரு ஆசை, ஒரு பயம், ஏதாவது ஒன்று.

குழவி அதே வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

“மதினி” என்றேன்.

“என்னட்டி?”

“கேட்டியளா?”

“மாடு ஏப்பம் விடுது” என்றாள். “அதுக்கென்ன? கொட்டையத் தள்ளிவிடு.”

தள்ளிவிட்டேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பிறகு அந்த மாடு எங்கள் வீட்டில் பல வருஷம் இருந்தது. அவள் அதை நன்றாகத்தான் பார்த்துக்கொண்டாள், மாட்டைப் பார்த்துக்கொள்கிற மாதிரி. பேய் பிசாசில் நம்பிக்கையில்லாத நான்தான், ஒவ்வொரு தடவை அந்தச் சத்தம் வரும்போதும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு, அண்ணன் ஏதாவது சொல்லவருகிறாரோ என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.